களிமண் எவ்வளவு அமுங்கும், எப்போது நிற்கும்? முன்கூட்டியே சொல்வது எப்படி?

2025 மே 19 அன்று, கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கூரியாட்டில், நெல்வயல் நடுவே எழுப்பப்பட்ட தேசிய நெடுஞ்சாலை 66-ன் மண்கரை சரிந்தது. பக்கத்து சர்வீஸ் ரோடும் சேர்ந்து பிளந்தது. அவ்வளவு உயரமான கரையை அடிமண்ணால் தாங்க முடியவில்லை என்றது தேசிய நெடுஞ்சாலை ஆணையம்.

வட்டவடை மாதிரி இடுக்கி மலையூர்களில் மழை வந்தால் மண்சரிவு பயம். கீழே வயல், காயல் பகுதிகளில் சிக்கலே வேறு: ஈரக் களிமண்.

களிமண்ணில் என்ன பிரச்சினை?

மேலே பாரம் ஏறியதும் அதை முதலில் தாங்குவது துகள்களுக்கு இடையே இருக்கும் நீர்தான். அந்த நீர் கசிந்து வெளியேற வெளியேற மண் அமுங்கும், வலுவும் கூடும். இதுதான் கன்சாலிடேஷன். களிமண்ணில் நீர் நகர்வது ரொம்ப மெதுவு, வருடக்கணக்கில்கூட ஆகலாம். அதற்குள் அவசரமாகக் கரையை உயர்த்தினால், வலு கூடாத மண் பக்கவாட்டில் பிதுங்கிவிடும்.

எப்படி அளக்கிறார்கள்?

நம்ம ஊரில் பழக்கமானது எஸ்பிடி. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து போட்டு, குழாய் கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். இளகிய களிமண்ணில் ஒன்றிரண்டு அடியிலேயே இறங்கிவிடும். சில நேரம் சுத்தியலின் எடைக்கே போய்விடும். 0-க்கும் 2-க்கும் நடுவில் நிற்கும் எண்ணை வைத்து அமுங்கலைக் கணிப்பது ஏறக்குறைய ஜோசியம்தான்.

இங்கே கைகொடுப்பது கூம்புச் சோதனை. கூம்பு முனைக் கம்பியை நொடிக்கு 2 செ.மீ. வேகத்தில் அழுத்துவார்கள். முனை சந்திக்கும் எதிர்ப்பிலிருந்து மண்ணின் விறைப்பு கிடைக்கும். உதாரணமாக, விறைப்பு 2,000 கிலோபாஸ்கல், களிமண் 10 மீட்டர் ஆழம், 3 மீட்டர் கரையின் பாரம் சுமார் 60 கிலோபாஸ்கல் என்றால், 60-ஐ 2,000-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்குங்கள்: 30 செ.மீ. அமுங்கும்.

எவ்வளவு காலம்? கம்பியை ஓர் ஆழத்தில் நிறுத்தி, கூம்பைச் சுற்றி எகிறிய நீரழுத்தம் பாதியாகக் குறையும் நேரத்தைப் பார்ப்பார்கள். ஆனால் இது பெரும்பாலும் நீரின் கிடைமட்ட ஓட்டத்தையே காட்டும். செங்குத்து ஓட்டம் பொதுவாக இன்னும் மெதுவு. எனவே ஆய்வகச் சோதனையைத் தவிர்க்க முடியாது.

காலத்தைக் குறைக்க வழி?

நீர் போகும் தூரம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்காகும். அதனால்தான் களிமண்ணுக்குள் நெருக்கமாக வடிகால் பட்டைகளைச் செருகி, தற்காலிகப் பாரம் ஏற்றிக் காத்திருக்கிறார்கள்.

கூரியாட்டில் மண்கரைக்குப் பதில் தூண்கள் மேல் பாலம் கட்ட முடிவானது, செலவு ஒப்பந்ததாரருடையது.