பார்ட்டிஷன்: சுவரை நகர்த்தின கதை

டிஸ்கி: கொஞ்சம் ஆணி சம்பந்தப்பட்ட பதிவுதான். ஆனா எந்தக் கமாண்டும் டைப் பண்ணச் சொல்ல மாட்டேன். பயப்படாம வாங்க :-)

"சி டிரைவ் ரொம்பிடுச்சு, டி டிரைவ் காலியாக் கெடக்கு. அதுலேருந்து கொஞ்சம் எடுத்து இதுல சேர்க்க முடியாதா?" சாஃப்ட்வேர் வேலையில இருக்கேன்னு தெரிஞ்ச சொந்தக்காரங்க எல்லாரும் ஒரு தடவையாவது எங்கிட்ட கேட்ட கேள்வி இது. குடத்துலேருந்து குடத்துக்குத் தண்ணி ஊத்துற மாதிரி சுலபமாத்தான் தெரியுது. ஆனா "சேர்க்கலாம், உள்ள இருக்குறது அழியாது"ன்னு பதில் சொல்ல வீட்டுக் கம்ப்யூட்டர் உலகத்துக்கு ஏறக்குறைய பத்து வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இன்னிக்கு.

நாலு வரிப் பத்திரம்

1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தது, கூடவே பிசி டாஸ் 2.0. ஹார்ட் டிஸ்க் 10 எம்பி. இன்னிக்கு செல்போன்ல எடுக்குற ரெண்டு மூணு போட்டோவுக்கே அது பத்தாது. அதையும் பங்கு போட வழி வெச்சாங்க. ஒரே டிஸ்க்குல டாஸும் இருக்கணும், வேற ஆப்பரேட்டிங் சிஸ்டமும் இருக்கணும்னா ஆளுக்கொரு இடம் வேணுமில்லையா?

அதுக்காக டிஸ்க்கோட முதல் செக்டர்ல, அந்த 512 பைட்டுக்குள்ள, ஒரு குட்டி அட்டவணை. வரிக்கு 16 பைட், மொத்தம் நாலு வரி. எங்க ஆரம்பம், எவ்வளவு நீளம், என்ன வகை, இதிலிருந்து பூட் ஆகணுமா... இவ்வளவுதான் அதுல இருக்கும். வீட்டு மனைப் பத்திரம் மாதிரின்னு வெச்சுக்குங்க. பத்திரத்துல அளவை மாத்துறது ஒரு நிமிஷ வேலை. ஆனா உள்ள வீடு கட்டிக் குடியிருக்காங்களே, அவங்க சாமான் எங்கெங்க இருக்குன்னு பத்திரத்துக்குத் தெரியாது. அந்தக் கணக்கை வெச்சிருக்கிறது ஃபைல் சிஸ்டம். ரெண்டு கணக்கும் ஒத்துப்போகலைன்னா டேட்டா போச்சு.

டாஸ் கூட வந்த எஃப்டிஸ்க்குக்குப் பத்திரம் எழுதவும் கிழிக்கவும் மட்டும்தான் தெரியும். அளவை மாத்தணும்னா எல்லாத்தையும் ஃப்ளாப்பியில் எடுத்து வெச்சுட்டு, அழிச்சுட்டு, புதுசா உருவாக்கி, திரும்ப ஏத்தணும். 360 கேபி ஃப்ளாப்பியில் 10 எம்பின்னா 29 ஃப்ளாப்பி. அதுல ஒண்ணு பழுதானாலும் அதோட போச்சு.

ஃபிப்ஸ்: முதல்ல "முடியாது"ன்னு சொன்னது

1990களின் முதல் பாதி. டாஸ் இருக்குற கம்ப்யூட்டர்லயே லினக்ஸும் போட்டுப் பார்க்கணும்னு பல பேருக்கு ஆசை. டிஸ்க் முழுக்க டாஸ் உட்கார்ந்திருக்கு. 500 எம்பி டிஸ்க்கை 1.44 எம்பி ஃப்ளாப்பியில் எடுக்கணும்னா ஏறக்குறைய 350 வேணும். யாரால ஆகும்?

அப்போ ஆர்னோ ஷேஃபர் எழுதின இலவச புரோகிராம்தான் ஃபிப்ஸ். உள்ள இருக்குறதை அழிக்காம பார்ட்டிஷனைப் பிரிக்கும் முதல் புரோகிராம் என்பதுதான் அந்தப் பெயரோட விரிவு. அது செஞ்ச வேலை ரொம்பச் சின்னது. பார்ட்டிஷனோட கடைசிப் பகுதி காலியா இருக்கான்னு பார்க்கும். காலியா இருந்தா டாஸ் பகுதியோட அளவைக் குறைச்சு எழுதி, மிச்சத்தை இன்னொரு பார்ட்டிஷனா மாத்தும். ஒரு ஃபைலைக்கூட அது நகர்த்தாது. நீங்கதான் முன்னாடியே டீஃப்ராக் ஓட்டி எல்லாத்தையும் முன்பக்கம் ஒதுக்கி வெக்கணும்.

எனக்குப் பிடிச்சது அதோட பிடிவாதம். சில பழைய கருவிகள் டிஸ்க்கோட கடைசியில் ஒரு மறைவான ஃபைலை வெச்சிருக்கும். அது ஒண்ணு இருந்தாலும் அந்த இடத்தைத் தாண்டி ஃபிப்ஸ் குறைக்காது. எழுதுறதுக்கு முன்னாடி பழைய பூட் செக்டரை ஒரு ஃப்ளாப்பியில் சேமிச்சுக்கிறீங்களான்னு கேட்கும். தப்பா போனா அதை வெச்சுப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

காசு கொடுத்து வாங்கின மேஜிக்

1995-ல் அமெரிக்காவின் யூட்டாவில் இருந்த பவர்குவெஸ்ட் நிறுவனம் பார்ட்டிஷன் மேஜிக்கை விற்க ஆரம்பிச்சது. இது ஃபைல்களைத் தானே நகர்த்தும், கட்டம் கட்டமாப் படம் காட்டும், மவுஸால இழுத்தா அளவு மாறும்.

ஜனங்க அதை வாங்கினதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்போ இருந்த ஃபேட்16-ல் 1 ஜிபியைத் தாண்டின பார்ட்டிஷன்ல ஒவ்வொரு கிளஸ்டரும் 32 கேபி. 1 கேபி ஃபைல் வெச்சாலும் 32 கேபி போயிடும். ஃபைலுக்கு சராசரியா பாதி கிளஸ்டர் வீண்னு வெச்சா, 10,000 ஃபைலுக்கு 160 எம்பி போச்சு. பார்ட்டிஷனைச் சின்னதா வெட்டினா கிளஸ்டரும் சின்னதாகும், அந்த இடம் திரும்பக் கிடைக்கும்.

2003-ல் பவர்குவெஸ்ட்டை சைமன்டெக் வாங்கிடுச்சு. 8-ம் பதிப்போட பார்ட்டிஷன் மேஜிக் கதை முடிஞ்சது.

என்டிஎஃப்எஸ் பூட்டு

எக்ஸ்பி வந்தப்புறம் வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் என்டிஎஃப்எஸ் பரவிடுச்சு. டிஸ்க்குல அது எப்படி எழுதப்படுதுங்கிற முழு விவரத்தையும் மைக்ரோசாஃப்ட் வெளியிடலை. லினக்ஸ் ஆட்கள் பைட் பைட்டா ஆராய்ஞ்சு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு மேல நின்னு சாபோல்ச் சகாசிட்ஸ் 2002-ல் தொடங்கி எழுதினது என்டிஎஃப்எஸ்ரீசைஸ். இதுவும் ஃபிப்ஸ் வழிதான். முதல்ல ஃபைல் சிஸ்டத்தை முழுசா சோதிக்கும். ஒரு முரண்பாடு தெரிஞ்சாலும் தொடாது. எதையும் எழுதாம ஒத்திகை மட்டும் பார்க்கவும் வழி உண்டு. 2004-ல் வந்த ஜிபார்ட்டெட்டுக்குள்ள என்டிஎஃப்எஸ் வேலையைச் செய்யறது இதேதான்.

இதுல ஒரு வரிசை இருக்கு. பார்ட்டிஷனைச் சின்னதாக்கணும்னா முதல்ல சாமானை ஒதுக்கு, அப்புறம் சுவரை நகர்த்து. பெருசாக்கணும்னா முதல்ல சுவர், அப்புறம் சாமான். மாத்திச் செஞ்சா சுவர் சாமான் மேலேயே விழும்.

விண்டோஸுக்குள்ளேயே சுருக்குற வசதி 2007 ஜனவரியில் வீடுகளுக்கு வந்த விஸ்டாவில்தான் கிடைச்சது. அதுவும் நகர்த்த முடியாத ஃபைல் எதிர்ப்பட்டா அங்கேயே நின்னுடும். "இவ்வளவு காலி இருக்கே, ஏன் இவ்வளவுதான் தர்றே?"ன்னு நாம கடுப்பாவோம். நியாயமாப் பார்த்தா நன்றி சொல்லணும்.

சித்தப்பா வீட்டு டி டிரைவ்

இவ்வளவையும் படிச்சது சித்தப்பாவோட விண்டோஸ் 7 கம்ப்யூட்டருக்காக. சி 40 ஜிபி, ரொம்பி வழியுது. டி 280 ஜிபி, முக்கால்வாசி காலி. விண்டோஸ் கருவி டி-யோட வலது ஓரத்தில்தான் இடம் பிடுங்கித் தரும். சி-க்கு வேணுங்கிறதோ டி-யோட இடது ஓரம். அப்படின்னா டி முழுசையும் வலப்பக்கம் நகர்த்தணும். ஜிபார்ட்டெட் செய்யும். ஆனா பாதியில கரண்ட் போனா, பாதி பழைய இடத்துல, பாதி புது இடத்துல.

அந்த டி-யில்தான் தாத்தாவோட போட்டோக்கள். வேற எங்கேயும் காப்பி கிடையாது. வெளி டிஸ்க்குல முதல்ல எடுத்துடலாம்னேன்.

"ஏன்டா, டேட்டா அழியாதுன்னுதானே சொன்னே? அப்புறம் எதுக்குக் காப்பி?"

"புரோகிராமுக்குத் தெரியும் சித்தப்பா, கரண்ட்டுக்குத் தெரியாதே."

காப்பி எடுக்க 40 நிமிஷம், நகர்த்த 3 மணி நேரம். ஒண்ணும் ஆகலை. ஆகியிருந்தாலும் தாத்தா பத்திரமா இருந்திருப்பார்.

சுவரே வேண்டாமே?

பழைய அட்டவணைக்கு டிஸ்க்குல ஒரே பிரதிதான். 2 டிபிக்கு மேல எண்ணவும் தெரியாது. இன்டெல்லின் ஈஎஃப்ஐ கூட வந்த ஜிபிடி, டிஸ்க்கோட தலையில ஒண்ணு, வாலில ஒண்ணுன்னு ரெண்டு பிரதி வெச்சுக்குது. கெட்டுப்போச்சான்னு பார்க்க செக்சமும் உண்டு. 2017-ல் ஆப்பிள் கொண்டு வந்த ஏபிஎஃப்எஸ் இன்னும் ஒரு படி மேல. ஒரே கன்டெய்னருக்குள்ள இருக்குற வால்யூம் எல்லாம் காலி இடத்தைப் பொதுவாப் பயன்படுத்திக்கும். நகர்த்த சுவரே இல்ல.

ஆனா நம்ம வீடுகள்ல சி, டி, இ-ன்னு பிரிச்ச டிஸ்க்குகள் இன்னும் நிறைய ஓடிக்கிட்டிருக்கு. உங்க கதை, கவிதை, பாதியில நிக்கிற நாவல் எல்லாம் அதுல எங்கேயோ இருக்கலாம். அளவு மாத்தப் போகும்போது கருவி "முடியாது"ன்னு சொன்னா, மல்லுக்கட்டாம ஏன்னு பாருங்க. "முடியும்"னு சொன்னா, காப்பி எடுத்துட்டு ஆரம்பிங்க.

வர்ட்டா...