சர்க்கரை நீக்கியதா, கொழுப்பு நீக்கியதா?

இனிப்புக் கடையில் 'சுகர் ஃப்ரீ' மைசூர்பாகு தனித் தட்டில் இருக்கும். ஒரு துண்டில் 15 கிராம் நெய் என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 9 கலோரி வீதம் நெய்யிலேயே 135 கலோரி வந்துவிடுகிறது. கடலைமாவும் குறையவில்லை. சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் மால்டிட்டாலிலும் கிராமுக்கு 2 கலோரிக்கு மேல் உண்டு. சர்க்கரையில் இருப்பது 4. அளவு மீறினால் வயிறும் போகும். எடை குறைக்க நினைப்பவருக்கு இதனால் பெரிய லாபம் இல்லை.

பாலில் கணக்கு வேறு. 6 சதவீதக் கொழுப்புள்ள பால் 250 மி.லி. குடித்தால் அதே 15 கிராம் கொழுப்பு உள்ளே போகிறது. கொழுப்பு நீக்கிய பாலில் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆக, ஏறக்குறைய 120 கலோரி மிச்சம். புரதமும் கால்சியமும் அப்படியே கிடைக்கின்றன. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்த மோரும் இந்த வகைதான். சர்க்கரை நீக்கிய இனிப்பா, கொழுப்பு நீக்கிய இவையா என்று கேட்டால் நான் தயங்காமல் பாலையும் மோரையும் சொல்வேன்.

ஆனால் கொழுப்பு நீக்கிய பழச்சுவைத் தயிரை அந்த வரிசையில் வைக்க மாட்டேன். கொழுப்பு போனால் ருசியும் வழவழப்பும் போய்விடும். அதைச் சரிக்கட்டச் சர்க்கரையையும் ஸ்டார்ச்சையும் சேர்ப்பது வழக்கம்.

சர்க்கரை இல்லாதது நிஜமாகவே உதவும் இடம் பானங்கள். காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையை விட்டால் 40 கலோரி குறையும். கலோரியே இல்லை என்று லேபிளில் போட்டுக்கொள்ள வேண்டுமானால் 100 மி.லி. பானத்தில் 4 கலோரிக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனாலும் எடைக் கட்டுப்பாட்டுக்குச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. நீண்ட காலத்தில் உடல் கொழுப்பு குறைவதற்கு அவை உதவுவதாகத் தெரியவில்லை என்பது அதன் காரணம். எந்த இனிப்பும் போடாத காபிக்குப் பழகிக்கொள்வது இன்னும் நல்லது.

'சுகர் ஃப்ரீ' பிஸ்கெட் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 'மொத்தச் சர்க்கரை' என்ற வரியில் பூஜ்யம் இருக்கும். அதற்குச் சற்று மேலே கார்போஹைட்ரேட் 100 கிராமுக்கு 60க்கு மேல் என்று இருக்கலாம், அது பெரும்பாலும் மைதா. ரத்தத்தில் அதுவும் குளுக்கோஸாகத்தான் சேரும். முன்பக்க எழுத்தை மட்டும் நம்பி, சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதலாக நாலு பிஸ்கெட் சாப்பிட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை.