பார்வை வைத்தவர்கள்

'பார்வை' என்ற சொல்லுக்கு இன்று வழக்கொழிந்துபோன ஒரு பொருள் உண்டு. மானையோ பறவையையோ பிடிக்கப் போகிறவர், பழக்கி வளர்த்த அதே இனத்து உயிரொன்றைக் காட்டில் கட்டிவைப்பார். அதை நம்பி மற்றவை அருகே வரும். அந்தப் பழக்கிய உயிருக்குப் பார்வை என்று பெயர். நற்றிணையின் 212ஆம் பாட்டில் அப்படிப் பார்வையோடு வரும் வேட்டுவன் இருக்கிறான். அவன் வலைக்கு மிரண்டு கத்தும் கணந்துள் என்ற பறவையும் இருக்கிறது. சொல் ஒன்றின் இரு பொருளை வைத்துக்கொண்டு வரலாறு எழுதிவிட முடியாதுதான். ஆனாலும் புரட்டாசி, ஐப்பசியில் நம் கரையில் வந்திறங்கும் வலசைப் பறவைகளைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை எவை, அவை எப்படித் தெரியவந்தன என்று தேடிப் போனால், அந்தப் பழைய வேட்டுவனிடமே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. பறவை நோக்கலின் வரலாற்றை நாம் பைனாகுலர் வைத்திருந்தவர்களின் வரலாறாகவே சொல்லி வந்திருக்கிறோம். வலசையைப் பொறுத்தவரை அது பாதி வரலாறுகூட ஆகாது என்பது என் கருத்து. கண்ணி வைக்கவும் வலை கட்டவும் தெரிந்தவர்களின் தொழிலறிவு இல்லாமல் அந்த அறிவு பிறந்திருக்காது. கோடியக்கரையே அதற்குச் சாட்சி.

சென்னையிலிருந்து தெற்காக இறங்கிவரும் சோழமண்டலக் கரை கோடியக்கரையில் சட்டென மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. அறுபது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் யாழ்ப்பாணத்து வடகரை. கரையை ஒட்டியே தெற்கு நோக்கி வரும் பறவைக்கு நிலம் தீர்ந்துபோகிற இடம் அது. தங்கி இரைதேடி உடம்பில் கொழுப்பேற்றிக்கொள்ள ஒரு பக்கம் பாலையும் உகாவும் அடர்ந்த காடு. மறுபக்கம் சேறும் உப்பளமுமாய் விரிந்துகிடக்கும் வேதாரண்யம் சதுப்பு. காட்டுக்கு ஆறுமணிக் குருவியும் அரசவால் ஈப்பிடிப்பானும் மாங்குயிலும் வருகின்றன. சேற்றுக்கு உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி, கோட்டான், பூநாரை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் பெயர்பெற்ற ஆறுமணிக் குருவி, வடக்கே மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருவது. உள்ளான்களிலேயே சிறியதான கொசு உள்ளான் இருபது முப்பது கிராம் எடைதான் இருக்கும். அது பொரிப்பது ஆர்க்டிக் பகுதியின் மரமில்லாத உறைநிலத்தில். இதை இன்று எந்தக் கையேட்டிலும் ஒரு வரியில் படித்துவிடலாம். அந்த ஒரு வரிக்கு எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பதுதான் இங்கே கேள்வி. கரையில் நின்று ஆயிரம் நாள் பார்த்தாலும், கண்முன்னே சேற்றைக் கிளறும் இந்த ஒரு கொசு உள்ளான் எங்கிருந்து வந்தது, போன ஆண்டு வந்ததும் இதுதானா என்று சொல்ல எந்தக் கண்ணாலும் முடியாது. ஒரு பறவையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட அதன் மேல் ஓர் அடையாளம் வேண்டும். அடையாளமிட வேண்டுமானால் அது கைக்கு வர வேண்டும்.

அடையாளமிடும் வேலையை முறைப்படி தொடங்கியவர் டென்மார்க்கின் வீபோர் நகரத்துப் பள்ளி ஆசிரியர் மார்ட்டன்சன். 1899இல் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா குடும்பத்துப் பறவைகளின் காலில் மாட்டிப் பறக்கவிட்டார். இந்தியாவில் 1920களின் பிற்பகுதியில் தார் சமஸ்தானத்தில் வாத்துகளுக்கு வளையமிட்டார்கள். அதை முன்னின்று நடத்தியது 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். பெரிய அளவில் வேலை தொடங்க ஒரு நோய் காரணமாயிற்று. 1957இல் மைசூர் மாநிலத்துச் சிமோகா காடுகளில் குரங்குகளும் மனிதர்களும் ஒரு புதிய காய்ச்சலில் செத்தார்கள். குரங்குக் காய்ச்சல் என்று ஊரார் சொன்ன அந்த நோயின் கிருமி, ரஷ்யாவில் உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சல் கிருமிக்கு உறவு என்று தெரிந்தது. வலசைப் பறவைகளில் ஒட்டிவந்த உண்ணிகள் அதைக் கொண்டுவந்திருக்குமோ என்ற ஐயத்தில் உலக சுகாதார நிறுவனம் பணம் தர, 1959இல் சாலிம் அலியின் தலைமையில் பறவைகளைப் பிடித்து வளையமிடும் முகாம்கள் தொடங்கின. பிறகு அமெரிக்க ராணுவ ஆய்வுப் பிரிவின் பணமும் வந்தது. 1970களில் அது நாடாளுமன்றம் வரை போன சர்ச்சையானது. பணம் யார் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பறவையை யார் பிடித்தார்கள் என்பதைப் பற்றி எழுதியது குறைவு. 1960களின் இறுதியிலிருந்து கோடியக்கரையும் இந்த முகாம்களில் ஒன்றாயிற்று; 1980களில் அங்கே தொடர்ச்சியான ஆய்வு நிலையமே நடந்தது.

பிடித்தவர்கள் பெரும்பாலும் பீகாரிலிருந்து வந்த மிர்ஷிகார்கள். அரசவைகளுக்கும் சந்தைகளுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்துக் கொடுத்த சமூகம் அது. அவர்களில் அலி ஹுசேனின் பெயர் பறவை ஆய்வாளர்களிடையே நாடு தாண்டியும் தெரிந்த பெயர். இவர்களுக்குத் தெரிந்ததை அறிவியல் பட்டம் எதுவும் கற்றுத்தராது. எந்தப் பறவை வற்றும் நீரின் விளிம்பிலேயே நடக்கும், எது கரைமேட்டில் ஒதுங்கும், எது கூட்டத்தின் பின்னால் வரும், எது முதலில் எழும்பும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தத் திசையில் இறங்கும் என்பதெல்லாம் கைத்தொழிலாக அவர்களிடம் இருந்தன. நிலவில்லாத இரவில், கணுக்கால் ஆழச் சேற்றில், எங்கே வலை கட்டினால் உள்ளான்கள் வந்து விழும் என்று தீர்மானிப்பது சாமான்ய வேலை இல்லை. பறவை அடிபடாமல் உயிரோடு கைக்கு வர வேண்டும் என்பது சந்தைக்கும் முக்கியம், ஆய்வுக்கும் முக்கியம். ஆகவே அவர்களின் கை ஏற்கனவே மென்மையாகப் பழகியிருந்தது. வளையமிடுவோர் உலகெங்கும் பயன்படுத்தும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலைக்கும் இதே கதைதான். ஜப்பானிய வேடர்கள் மலைக்கணவாய்களில் பறவைகளை உணவுக்காகப் பிடிக்கப் பட்டுநூலில் பின்னிய வலை அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே பணியாற்றிய அமெரிக்கப் பறவையியலாளர் ஆஸ்டின் அதை மேற்குலக ஆய்வாளர்களுக்கு அறிமுகப்படுத்தினார். வடகடலின் ஹெலிகோலாந்துத் தீவில் இலையுதிர் காலத்தில் வரும் பறவைகளைப் பிடிக்கத் தீவுக்காரர்கள் வளர்த்த புதர்ப்பொறிதான், அந்தத் தீவின் பெயரையே தாங்கிய ஆய்வுப் பொறியாயிற்று. ஆய்வின் கருவிகள் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தால் அடியில் ஒரு வேடனின் கைரேகை இருக்கிறது.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. கொல்வதற்கும் விற்பதற்கும் பறவையை அறிந்தவனைப் பறவை நோக்குநர் வரிசையில் சேர்ப்பது எப்படி நியாயம்? காடையும் கௌதாரியும் உள்ளானும் நம் ஊர்களில் கறியாக விற்கப்பட்டவை. சட்டத்துக்கு மறைவாக இன்றும் வலசைப் பறவைகள் கொல்லப்படுகின்றன, அது நிறுத்தப்பட வேண்டிய கொடுமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நோக்கத்தின் பேரில் ஒருவரை வரலாற்றிலிருந்து நீக்குவதென்றால் நீக்கவேண்டியவர்களின் பட்டியல் வேறு இடத்தில் தொடங்கும். காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஹியூம், 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைத் தோல்கள் பெரும்பாலும் சுட்டு எடுத்தவை. சாலிம் அலி பறவைகளிடம் வந்ததே, சிறுவனாக அவர் சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்ததைக் கண்டுதான். அவர் தன்வரலாற்றுக்குத் தலைப்பு தந்ததும் அந்தக் குருவி. இவர்களை முன்னோடிகள் என்று சரியாகவே மதிக்கிறோம். துப்பாக்கி வைத்திருந்தவர் முன்னோடி, கண்ணி வைத்திருந்தவர் குற்றவாளி என்று பிரிப்பது அறத்தின் பாகுபாடு இல்லை. படிப்பும் செல்வாக்கும் செய்த பாகுபாடு. ஜெர்டான் கல்குருவி என்ற பறவை 1900க்குப் பிறகு எவர் கண்ணிலும் படாமல், அழிந்தேபோனது என்று கருதப்பட்டது. 1986இல் கடப்பை மாவட்டத்தில் அது உயிரோடு இருப்பதை நிறுவியது, இரவில் டார்ச் விளக்கோடு போய் அதைப் பிடித்துவந்த உள்ளூர்ப் பறவை பிடிப்பவர் ஒருவர். இரவில் நடமாடும் பறவை அது. அந்த நிலத்து இரவை அறிந்தவருக்கே அது கிடைத்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. பிடிப்பவனுக்குத் தன் சதுப்பு மட்டும்தான் தெரியும். பறவை எங்கே போகிறது என்பதை அவன் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை. கேட்டதும் எழுதியதும் ஆய்வாளர்கள்தான் என்று சொல்லலாம். உண்மை. எண்ணும் பதிவேடும் சேர்ந்தபோதுதான் பிடிபட்ட பறவை ஒரு செய்தியாயிற்று, அந்தப் பெருமை மார்ட்டன்சன் வழிவந்தவர்களுக்கு உரியது. பழைய பதிவேடுகள் இல்லாவிட்டால் கோடியக்கரைக்கு வரும் சிறு உள்ளான்கள் முன்பைவிடக் குறைந்துவிட்டன என்று இன்று வாதிடவே முடியாது. ஆனால் பதிவேட்டுக்கு மறுமுனை ஒன்று உண்டு. வளையத்தில் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதைப் படித்துத் தெரிவிக்க ஒருவர் கையில் அந்தப் பறவை மறுபடி விழ வேண்டும். தொடக்க காலத்தில் சைபீரிய ஏரிக்கரைகளிலிருந்து வந்த தகவல்களில் பெரும்பாலானவை வாத்து வேட்டைக்காரர்கள் சுட்ட பறவைகளின் காலிலிருந்து வந்தவை. இந்த முனையில் ஒரு வலைக்காரர், அந்த முனையில் ஒரு வேட்டைக்காரர், நடுவே பம்பாயில் ஒரு பதிவேடு. அந்தப் பதிவேட்டை மட்டும் வரலாறு என்று எழுதினால் இரு முனையும் காணாமல் போகின்றன.

பறவையைத் தொடாமலே அறிந்த ஊர்களும் உண்டல்லவா என்று வேடந்தாங்கலைக் காட்டலாம். செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1790களில் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊராருக்கு எழுதிக்கொடுத்ததும், பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமென்று ஊரார் அவற்றைக் காத்ததும் பெருமைக்குரியவை. ஆனால் வேடந்தாங்கலின் அறிவு, ஏரி மரங்களில் கண்முன்னே கூடுகட்டும் பறவையைப் பற்றிய அறிவு. கூடு கட்டாமல் கடந்துபோகும் பறவைக்கு வேறு அறிவு தேவைப்படுகிறது. செயற்கைக்கோள் கருவிகள் வந்துவிட்டதால் இனி வலை எதற்கு என்போருக்கும் பதில் எளிது: கருவியைப் பறவையின் முதுகில் கட்டுவதற்கும் அதைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தில் 2012 வரை அக்டோபர், நவம்பரில் அமுர் வல்லூறுகளை மீன்வலை கட்டிப் பெருந்தொகையாகக் கொன்றார்கள். மறு ஆண்டே ஊரார் கொலையை நிறுத்தினார்கள். அந்த நவம்பரில் பிடித்துக் கருவி கட்டிய மூன்று பறவைகளுக்கு நாகா, பாங்டி, வோகா என்று அவர்கள் மண்ணின் பெயர்களே வைக்கப்பட்டன. அவை அரபிக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போனதை உலகமே வரைபடத்தில் பார்த்தது.

தமிழ்ப் பறவைப் பெயர்களைத் திரட்டிய க. ரத்னம் போன்றவர்கள் ஊர் ஊராகக் கேட்டுப் பதிந்தவற்றில் இந்த வலைக்காரர் கண் இன்னும் மிச்சம் இருக்கிறது. பவளக்காலி, பச்சைக்காலி, மண்கொத்தி, உப்புக்கொத்தி என்று காலின் நிறத்தையும் இரைதேடும் விதத்தையும் பிடித்துவைத்த பெயர்கள், பறவைக்கு அருகே குனிந்து பார்த்தவர்களின் பெயர்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1990களின் தொடக்கத்தில் வந்த பறவை விற்பனைத் தடையும் மிர்ஷிகார் சமூகத்தின் பிழைப்பை நிறுத்தின. தடை சரியானது. ஆனால் தொழிலோடு அந்தக் கைப்பழக்கமும் போகிறது. வலையில் சிக்கிய கொசு உள்ளானை எப்படி எடுப்பது, முதலில் காலை விடுவித்துப் பிறகு இறக்கையை நூலிலிருந்து நழுவவிட்டு, கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே தளர்வாக வைத்துக்கொண்டு, உள்ளங்கைச் சூட்டில் அதன் துடிப்பு அடங்கும்வரை எப்படிக் காத்திருப்பது என்பதை, இன்று வளையமிடும் இளைஞர்கள் பலருக்குக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத அந்த வலைக்காரர்கள்.