கோல் கணக்கும் வரலாற்றுக் கணக்கும்: மகளிர் சர்வதேச உதைபந்தாட்டம் பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டுச் சாதனைகளைத் தொகுத்துரைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் தனிமனித ஆற்றலின் அளவுகோல்களாகவே கொள்ளப்படுகின்றன. ஓட்டப் போட்டிகளுக்கு இக்கருத்து ஓரளவு பொருந்தலாம். ஆனால் உதைபந்தாட்டத்தில், அதிலும் நாடுகளுக்கிடையே நடைபெறும் ஆட்டங்களில், ஒருவர் பெற்ற கோல்களின் தொகை அவரது திறமையை மட்டும் காட்டி நிற்பதன்று. அவருக்கு ஆடுவதற்கு அனுமதி இருந்ததா, ஆட்டங்கள் ஒழுங்குசெய்யப்பட்டனவா, ஆடியவை பதிவுசெய்யப்பட்டனவா, யாவற்றுக்கும் மேலாக அவரைத் தன் குடிமகளென ஏற்றுக்கொண்ட ஒரு நாடு இருந்ததா என்னும் வினாக்களுக்கான விடைகளும் அத்தொகையினுள் அடங்கியுள்ளன. மகளிர் உதைபந்தாட்ட வரலாற்றை இந்நோக்கில் ஆராய்ந்து, அதன் ஒளியில் கேகாலை மாவட்டத் தோட்டப் பெண்களின் நிலையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருந்தொகையாகப் பணியிலமர்ந்தனர். அத்தொழிற்சாலைகளிலேயே மகளிர் அணிகள் பல தோன்றின. அவற்றுட் புகழ்பெற்றது பிரெஸ்ரன் நகரின் டிக், கெர் தொழிற்சாலை அணியாகும். 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் அவ்வணி ஆடிய ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 மக்கள் திரண்டனர். ஓராண்டு நிறைவுறுமுன், 1921ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் திகதி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் அங்கத்துவக் கழகங்களின் மைதானங்களில் மகளிர் ஆட்டங்கள் நடைபெறுதலைத் தடைசெய்தது. இவ்விளையாட்டு பெண்களுக்கு ஒவ்வாதது என்பதே அன்று கூறப்பட்ட நியாயமாகும். ஐம்பதாயிரம் பார்வையாளரைப் பெற்றிருந்த ஆட்டத்துக்கு இடப்பட்ட இத்தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. பிரேசிலில் 1941 முதல் 1979 வரையும், மேற்கு ஜேர்மனியில் 1955 முதல் 1970 வரையும் இத்தகைய தடைகள் நிலவின. டிக், கெர் அணியின் லிலி பார் 1951 வரை ஆடி நூற்றுக்கணக்கான கோல்களைப் பெற்றவர். எனினும் இன்றைய சர்வதேசப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. அவர் ஆடிய காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட மகளிர் சர்வதேச ஆட்டம் என ஒன்று இருக்கவில்லை என்பதே அதற்குக் காரணமாகும்.

1971ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரான்சும் நெதர்லாந்தும் ஆடிய ஆட்டமே பின்னாளில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தால் முதலாவது அதிகாரபூர்வ மகளிர் சர்வதேச ஆட்டமாக ஏற்கப்பட்டது. எண்ணிக்கை அங்கிருந்தே தொடங்குகின்றது. 1970களிலும் 1980களிலும் இத்தாலியின் எலிசபெற்றா விக்னொற்றோ 110 ஆட்டங்களில் 107 கோல்களைப் பெற்றார். 1999இல் அமெரிக்காவின் மியா ஹாம் அதனை விஞ்சி, 2004இல் 158 கோல்களுடன் ஓய்வுபெற்றார். 2013இல் அவரை விஞ்சிய அபி வொம்பாக் 184 கோல்கள் வரை சென்றார். 2020 ஜனவரியில் கனடாவின் கிறிஸ்ரின் சின்கிளெயர் அத்தொகையையும் கடந்தார். 2023ஆம் ஆண்டு இறுதியில் அவர் ஓய்வுபெற்றபோது 331 ஆட்டங்களில் 190 கோல்களைப் பெற்றிருந்தார். ஆடவர் எவரும் இத்தொகையை எட்டியதில்லை.

இவ்வேற்றத்துக்குச் சமூகக் காரணங்கள் உள. கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டை விலக்கும் சட்டம் அமெரிக்காவில் 1972இல் நிறைவேறியது. அதன் பயனாகப் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பெண்களுக்கு மைதானமும் பயிற்சியும் புலமைப்பரிசிலும் கிடைத்தன. ஹாமும் வொம்பாக்கும் அச்சட்டத்துக்குப் பின் வளர்ந்த தலைமுறையினர். பிரேசிலின் நிலையும் இதனை வலியுறுத்துகின்றது. அங்கு தடை நீங்கி ஏழாண்டுகளின் பின், 1986இல் பிறந்த மார்த்தா, உலகக் கிண்ணப் போட்டிகளில் 17 கோல்களைப் பெற்று, ஆண் பெண் இருபாலாரிலும் முதலிடம் பெற்றார். தடை இன்னும் ஒரு தலைமுறை நீடித்திருப்பின் உலகம் இத்திறனை அறியாதே போயிருக்கும்.

தெற்காசியாவை நோக்குமிடத்து, வாய்ப்பின் பங்கு மேலும் தெளிவாகின்றது. மணிப்பூரைச் சேர்ந்த பாலா தேவி 2020 ஜனவரியில் ஸ்கொத்லாந்தின் றேஞ்சர்ஸ் கழகத்தில் இணைந்து, வெளிநாட்டில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்திய உதைபந்தாட்ட வீராங்கனையானார். அவ்வேளையில், 2010 முதல் இந்தியாவுக்காக ஆடிய 58 ஆட்டங்களில் அவர் 52 கோல்களைப் பெற்றிருந்தார். பத்து ஆட்டங்களுக்கு ஏறத்தாழ ஒன்பது கோல்கள் என்பது இதன் சராசரி. சின்கிளெயரின் சராசரி பத்துக்கு ஆறளவிலேயே அமைகின்றது. இதனைக்கொண்டு முன்னவரே சிறந்தவர் எனத் துணிதல் பொருந்தாது. எதிரணிகளின் தரம் வேறுபட்டது. 2010இல் நடந்த முதலாவது தெற்காசிய மகளிர் போட்டியில் இந்தியா பூட்டானை 18 கோல்களால் வென்றமை நினைவுகூரத்தக்கது. சின்கிளெயர் உலக சாதனையை முறியடித்த ஆட்டத்திலும் கனடா 11 கோல்களால் வென்றது. ஆயினும் ஒன்று ஐயமற்றது: சின்கிளெயருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பதினான்கு சர்வதேச ஆட்டங்கள் வாய்த்தன, பாலா தேவிக்கு வாய்த்தவை ஆறு மட்டுமே.

தெற்காசியாவில் மகளிர் அணிகளைத் தாங்கிநிற்போர் பலர் நாட்டின் விளிம்புப் பகுதிகளிலிருந்து வந்தோர் என்பதும் நோக்கற்பாலது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இல் மணிப்பூரை வென்று தேசிய வெற்றிக்கிண்ணத்தைப் பெற்றது. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் ஆகியோர் இந்திய அணியிலும் இடம்பெற்றனர். பங்களாதேசத்தின் சிட்டகொங் மலைப்பிரதேசத்தில் வாழும் சக்மா மக்கள் ஒரு சிறுபான்மையினர். 2024ஆம் ஆண்டுத் தெற்காசிய இறுதியாட்டத்தில் பங்களாதேசம் நேபாளத்தை 2-1 என வென்றபோது, அவ்விரு கோல்களையும் பெற்றோர் மோனிகா சக்மா, ரிதுபர்ணா சக்மா என்னும் மலைநாட்டுப் பெண்களே. 2025 ஜூலையில் மியன்மாருக்கு எதிராக ரிதுபர்ணா பெற்ற இரு கோல்கள் அந்நாட்டை முதன்முறையாக ஆசியக் கிண்ணப் போட்டிக்கு இட்டுச்சென்றன.

மலைநாட்டுச் சிறுபான்மைப் பெண்கள் தம் நாட்டின் பெயரை உயர்த்திய இச்செய்தி, இலங்கையின் தோட்டப்புறங்களை நோக்கி ஒரு வினாவை எழுப்புகின்றது. சர்வதேச ஆட்டமொன்றில் கோல் பெறுவதற்கான முதல் நிபந்தனை பிரசாவுரிமையாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. இப்பிரச்சினை சட்டரீதியாகத் தீர்க்கப்பட்டது 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலமேயாகும். உலகில் மகளிரின் சர்வதேச கோல்கள் எண்ணப்படத் தொடங்கிய 1971இல், எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பகுதித் தோட்டங்களில் வளர்ந்த சிறுமியர் பலருக்குத் தமது நாடென்று கூறிச் சீருடை அணியும் உரிமையே இருக்கவில்லை. ஆங்கிலச் சங்கம் மைதானத்தை மறுத்தது. இங்கு மறுக்கப்பட்டது நாடே.

பிரசாவுரிமை கிட்டிய பின்னரும் எஞ்சிநிற்பவை நேரமும் நிலமும் ஆகும். கேகாலைத் தோட்டங்களிற் பல இறப்பர்த் தோட்டங்கள். விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று, பால்வெட்டி, வாளி சுமந்து, நிறுவை முடித்து லயத்துக்குத் திரும்பும் பெண்ணுக்குச் சமையலும் தண்ணீரும் பிள்ளைகளும் காத்திருக்கின்றன. ஆணுக்கு நிகரான நாட்கூலியே தோட்டப் பெண்ணுக்கு 1984இல்தான் கிடைத்தது. தாயின் சுமையில் ஒரு பங்கு மூத்த மகளின் தோளில் இறங்குவது லயத்து வழமை. தோட்டத்துக்கு ஒரு மைதானம் இருப்பினும், மாலையில் அது இளைஞருக்குரியதாகவே கருதப்படுகின்றது. இந்நிலையில் அங்கிருந்து வீராங்கனையர் தோன்றாமையை ஆற்றலின்மை எனக் கூறுதல் வரலாற்று நோக்காகாது. சரிவான மலைகளில் நாள்முழுதும் சுமையுடன் ஏறியிறங்கும் சமூகத்தில் உடல்வன்மைக்குக் குறைவில்லை.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், 107 முதல் 190 வரையான எண்களின் ஏற்றம் மகளிர் ஆற்றல் திடீரென வளர்ந்ததன் விளைவன்று என்பது புலனாகும். தடைகள் நீங்கின, பாடசாலைகள் திறந்தன, ஆட்டங்கள் பெருகின, எண்ணுவோர் அமர்ந்தனர், எண்களும் உயர்ந்தன. பிரேசிலில் இம்மாற்றத்தின் பயனைக் காண ஒரு தலைமுறையே போதுமாயிருந்தது. தோட்டப் பாடசாலைகளில் பெண்களுக்கென ஓர் அணியும், கிழமையில் இரு மாலைகளேனும் அவர்களுக்கென மைதானமும், மாவட்ட மட்டத்தில் ஒழுங்கான ஆட்டங்களும் அமையுமாயின், கேகாலை மாவட்டமும் தன் கணக்கைத் தொடங்கலாம். அதற்குரிய பொறுப்பு அச்சிறுமியரைவிடக் கல்வி நிருவாகத்தையும் தோட்ட நிருவாகத்தையும் கற்றோரையுமே சாரும்.