துண்டு அட்டவணை

பெரிய கோப்பைத் திருத்தும்போது மூலத்தைத் தொடாமல், மாற்றங்களை மட்டும் தனியே குறித்து வைக்கும் தரவுக் கட்டமைப்பு. திறந்த கோப்பு அப்படியே இருக்கும். புதிதாகத் தட்டுவதெல்லாம் வேறோர் இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். எந்தத் துண்டு எதில் உள்ளது, எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை ஓர் அட்டவணை வரிசையாகச் சொல்லும். நடுவில் ஒரு சொல்லை நுழைத்தால் பின்னாலுள்ள எழுத்துகள் நகர்வதில்லை. ஒரு துண்டு இரண்டாகப் பிரிந்து இடையில் மூன்றாவது வந்து உட்காரும். நீக்கிய எழுத்தும் அழிவதில்லை, அட்டவணைதான் அதை விட்டுவிடுகிறது. செயல்தவிர்ப்பு இதனால் மிக எளிதாகிறது.



துண்டு அட்டவணையை உருவாக்கியவராகப் பொதுவாக ஜே ஸ்ட்ரோதர் மூரைச் சொல்வர். 1970-களின் தொடக்கத்தில் எடின்பரோவில் ராபர்ட் பாயருடன் தேற்ற நிறுவல் ஆய்வில் இருந்தபோது, உரைதிருத்தி ஒன்றையும் அவர்கள் எழுதினர். ஆயினும் முறை புகழ்பெற்றது ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில்தான். பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோன்யியும் 1974-இல் ஆல்டோ கணினிக்காக உருவாக்கிய 'பிராவோ' உரைதிருத்தி இதையே நம்பியது. ஆல்டோவின் நினைவகம் 128 கிலோபைட். நீண்ட ஆவணத்தை முழுவதும் அதில் ஏற்ற இயலாது. மூலம் வட்டிலேயே இருக்க, குறிப்புகள் மட்டும் நினைவகத்தில் இருந்தால் போதும் என்ற ஏற்பாடு அங்கே அழகாகப் பொருந்தியது. பிராவோவில் கட்டளை நிலையில் 'எடிட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால், முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது நீக்கும், மூன்றாவது நுழைப்பைத் தொடங்கும், நான்காவதான 'டி' மட்டும் திரையில் எஞ்சும் எனச் சொல்லப்படுகிறது. அப்போதும் வட்டிலுள்ள மூலத்துக்குச் சேதமில்லை.

சிமோன்யி 1981-இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார். 1983-இல் வெளிவந்த வேர்டும் இதே வழியைப் பின்பற்றியது. அதன் 'விரைவுச் சேமிப்பு' மாற்றங்களைக் கோப்பின் இறுதியில் ஒட்டியதால், நீக்கிய வரிகள் கோப்புக்குள் தங்கிப் பிறர் படிக்க வழிவிட்டன.

எது சிறந்த முறை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சார்லஸ் கிரௌலி 1990-களில் பல முறைகளை ஒப்பிட்டுத் துண்டு அட்டவணையைப் பரிந்துரைத்தார். ஈமேக்ஸோ திருத்துமிடத்தில் வெற்றிடம் விடும் 'இடைவெளித் தாங்க'த்திலேயே தொடர்கிறது.

விஷுவல் ஸ்டுடியோ கோடு ஒவ்வொரு வரியையும் தனிப் பொருளாக வைத்திருந்தது. 1.37 கோடி வரிகள் கொண்ட 35 மெகாபைட் கோப்பு ஒன்றை அதனால் திறக்க முடியாமற்போக, 2018-இல் துண்டுகளைச் சிவப்பு-கறுப்பு மரமாக அடுக்கும் முறைக்கு மாறியது.