டில்லியின் அகதிகள்

1947-இல் தேசம் பிரிவினையுற்றபோது டில்லி மாநகரம் ஒரே சமயத்தில் மக்களை இழந்தும் ஏற்றும் நின்றது. ஏறத்தாழ 3 லட்சம் முஸ்லிம்கள் வெளியேறினர்; மேற்குப் பஞ்சாப், சிந்து முதலிய பகுதிகளினின்று சுமார் 5 லட்சம் பேர் வந்து சேர்ந்தனர். வந்தோர் கிங்ஸ்வே முகாமில் தங்க, போவோர் ஹுமாயூன் சமாதியருகே கூடாரங்களில் காத்திருந்தனர். இரு திறத்தாரும் அகதிகளே என்பதை நாம் மறத்தலாகாது.

1941-இல் 9 லட்சமாயிருந்த ஜனத்தொகை 1951-இல் 17 லட்சத்தைக் கடந்தது. வீடுகளைக் கட்டிவிடலாம், குடிநீர் எளிதன்று. 1955-இன் இறுதியில் யமுனை விலகியோட, நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர் வசீராபாத்தில் நீரெடுக்கும் இடத்தை எட்டியது. குளோரினை மிகுதியாகச் சேர்த்தனர். ஆயினும் சுமார் 29,000 பேர் மஞ்சட்காமாலையுற்றனர். அகதிகளைக் குறைகூற இதில் இடமில்லை. நகரம் பெருகிய வேகத்திற்கு வடிகால் ஈடுகொடுக்கவில்லை என்பதே நம் கருத்து.

பாடசாலையின் நெருக்கடி வேறுவகையானது. பஞ்சாபிக் குடும்பத்தார் பலர் வீட்டில் பஞ்சாபி பேசி, பள்ளியில் உருது கற்றவர். சிந்திகளோ அரபு எழுத்தின் வழிவந்த லிபியில் தம் மொழியை எழுதிப் பழகியவர். டில்லியில் அவர்தம் பிள்ளைகளை வரவேற்றது தேவநாகரி. சிந்தி மொழிக்கென ஒரு மாகாணம் இல்லை. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அது இடம்பெற்றதே 1967-இல்தான். அதற்குள், தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க இயலாத வீடுகள் பல தோன்றிவிட்டன.