அறிபுனைத் திரைப்படங்களின் அதியுயர் தெளிவு மறுவெளியீடு

அறிபுனைத் திரைப்படங்களின் அதியுயர் தெளிவு மறுவெளியீடு என்பது, படச்சுருளில் எடுக்கப்பட்டுத் திரையரங்குகளில் வெளிவந்த புகழ்பெற்ற அறிபுனைத் திரைப்படங்களை மீண்டும் வருடி, சீரமைத்து, 4கே தெளிவுத்திறன் கொண்ட வீட்டுக் காணொளி வடிவங்களில் வெளியிடுவதைக் குறிக்கும். 2016 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த அதியுயர் தெளிவு புளூ-ரே வட்டு இதற்கான முதன்மை ஊடகம் ஆகும். ஒரு திரைப்படத்தின் எந்த வடிவம், எந்த நிறத்தில், எவ்வளவு திருத்தங்களுடன் அடுத்த தலைமுறைக்குச் சென்றுசேரும் என்பதைப் பெரும்பாலும் இம்மறுவெளியீடுகளே முடிவு செய்கின்றன. இதனால் இவை திரைப்படப் பாதுகாப்பு தொடர்பிலும் முக்கியத்துவம் பெறுகின்றன.

வீட்டுக் காணொளி வடிவங்கள்

ஒரு படச்சட்டத்தில் உள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு வட்டு வடிவங்களைப் பின்வருமாறு ஒப்பிடலாம்.

- டிவிடி: 720 × 480 (ஐரோப்பா, இந்தியா போன்ற பகுதிகளின் முறையில் 720 × 576). ஏறத்தாழ 3.5 முதல் 4 இலட்சம் படப்புள்ளிகள்.
- புளூ-ரே (2006): 1920 × 1080. ஏறத்தாழ 20.7 இலட்சம் படப்புள்ளிகள்.
- அதியுயர் தெளிவு புளூ-ரே (2016): 3840 × 2160. ஏறத்தாழ 83 இலட்சம் படப்புள்ளிகள்.

படப்புள்ளிகள் பெருகியது மட்டுமே வேறுபாடு அன்று. முந்தைய வட்டுகளில் ஒவ்வொரு நிறக்கூறும் 8 பிட்டுகளில், அதாவது 256 படிநிலைகளில் பதியப்பட்டது. புதிய வடிவத்தில் 10 பிட்டுகள் பயன்படுவதால் 1024 படிநிலைகள் கிடைக்கின்றன. எச்.டி.ஆர் எனப்படும் விரிந்த ஒளிவீச்சு முறை, மிகவும் இருண்ட பகுதிகளையும் மிகவும் ஒளிர்வான பகுதிகளையும் ஒரே காட்சியில் விவரம் குன்றாமல் காட்ட உதவுகிறது. கரிய விண்வெளியில் ஒளிரும் விண்கலங்களைக் கொண்ட அறிபுனைப் படங்களில் இதன் பயன் எளிதில் தெரியும்.

படச்சுருளும் தெளிவுத்திறனும்

பழைய படம் ஒன்றிலிருந்து உண்மையான 4கே தெளிவைப் பெற முடியுமா என்ற ஐயம் பலருக்கு எழுவதுண்டு. படச்சுருளுக்குப் படப்புள்ளிகள் கிடையா. எனினும், நல்ல நிலையிலுள்ள 35 மிமீ மூல நெகட்டிவில் 4கே அளவுக்கு நெருங்கிய விவரங்கள் பொதிந்திருக்கும் எனலாம். 65 மிமீ நெகட்டிவில் அதனினும் மிகுதியாக இருக்கும்.

இதனால் காலவரிசைக்கு மாறான ஒரு விளைவு உண்டாகிறது. 2002 இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் வரிசைப் படமான அட்டாக் ஆஃப் த குளோன்ஸ், 1080 கோடுகள் கொண்ட எண்ணிம ஒளிப்படக்கருவியால் எடுக்கப்பட்டது. அதனை 4கே அளவுக்குக் கணக்கிட்டுப் பெரிதாக்கலாமே தவிர, பதிவாகாத விவரத்தை மீட்க இயலாது. அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன் 65 மிமீ சுருளில் எடுக்கப்பட்ட 2001: எ ஸ்பேஸ் ஒடிசியில் கூடுதல் விவரம் உள்ளது.

அறிபுனைப் படங்களுக்குத் தனியான சிக்கல் ஒன்றும் உண்டு. கணினி வரைகலைக்கு முன், மாதிரி விண்கலம், விண்மீன்கள், நடிகர் ஆகியவை தனித்தனியே படமெடுக்கப்பட்டு, ஒளியியல் அச்சுப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியப்பட்டன. ஒவ்வொரு நகலெடுப்பிலும் கூர்மை குறைந்து, கிரெயின் எனப்படும் நுண்மணிகள் பெருகும். இந்த இழப்பை ஈடுசெய்யவே பிளேடு ரன்னர் போன்ற படங்களின் சிறப்புக் காட்சிகள் 65 மிமீ சுருளில் எடுக்கப்பட்டன. தெளிவு கூடும்போது இணைப்பு விளிம்புகளும் ஓவியப் பின்னணிகளும் முன்பைவிட வெளிப்படையாகத் தெரிவதுண்டு.

மறுவெளியீட்டுப் படிமுறை

1. மூல நெகட்டிவ், அல்லது அதற்கு மிக நெருங்கிய நகல், தேடி எடுக்கப்பட்டுத் தூய்மை செய்யப்படுகிறது.
2. ஒவ்வொரு படச்சட்டமும் 4கே அல்லது 8கே அளவில் வருடப்படுகிறது. 24 சட்டங்கள் ஒரு வினாடியாதலால், இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 சட்டங்கள் இருக்கும்.
3. கீறல், தூசு, கிழிசல், நடுக்கம் ஆகியவை கணினியின் துணையுடன் சரிசெய்யப்படுகின்றன.
4. இயக்குநர் அல்லது ஒளிப்பதிவாளரின் மேற்பார்வையில், அல்லது அன்றைய படிகளை ஒப்புநோக்கி, நிறம் சீராக்கப்படுகிறது.
5. காணொளி சுருக்கப்பட்டு வட்டிலோ இணையச் சேவையிலோ வெளியிடப்படுகிறது.

சில எடுத்துக்காட்டுகள்

2001: எ ஸ்பேஸ் ஒடிசி (1968)

இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குடன் இணைந்து திரைக்கதை எழுதி ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய இப்படம், 50 ஆம் ஆண்டில் இருவேறு வழிகளில் மீண்டும் வெளிவந்தது. 2018 மே மாதம் கான் திரைப்பட விழாவில், கிறிஸ்டோபர் நோலனின் முயற்சியால், எண்ணிமத் திருத்தம் ஏதுமின்றி ஒளிவேதியியல் முறையில் உருவாக்கிய 70 மிமீ படி திரையிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், மூல நெகட்டிவை 8கே அளவில் வருடி உருவாக்கிய அதியுயர் தெளிவு வட்டு வெளியானது. இரண்டின் நிறச்சாயலும் வேறுபட்டிருந்தது விவாதத்தை எழுப்பியது. குப்ரிக் 1999 இலேயே மறைந்துவிட்டதால், எது அவர் கருதிய நிறம் என்று அவரிடமே கேட்டறிய வாய்ப்பு இருக்கவில்லை.

பிளேடு ரன்னர் (1982)

ரிட்லி ஸ்காட் இயக்கிய இப்படத்துக்கு ஏழு வடிவங்கள் உள்ளதாகக் குறிப்பிடப்படுகிறது. அவற்றுள் 2007 இல் வெளிவந்த இறுதி வடிவம் மட்டுமே இயக்குநரின் முழுக் கட்டுப்பாட்டில் உருவானது. இதற்காக 35 மிமீ நெகட்டிவ் 4கே அளவிலும், 65 மிமீ சிறப்புக் காட்சிகள் 8கே அளவிலும் வருடப்பட்டன. மாற்று நடிகையின் முகம் தெரிந்த இடத்தில் ஜோனா கசிடியின் முகம் பொருத்தப்பட்டது. உதட்டசைவு பொருந்தாத ஓரிடத்தில் ஹாரிசன் ஃபோர்டின் மகனுடைய வாயசைவு பயன்படுத்தப்பட்டது. 2017 இல் வெளிவந்த அதியுயர் தெளிவு வட்டில் இவ்வடிவமே இடம்பெற்றது. மாறாக, அதே ஆண்டில் வெளிவந்த ஸ்டீவன் ஸ்பில்பேர்க்கின் க்ளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் த தேர்ட் கைண்ட் (1977) வட்டில் 1977, 1980, 1998 ஆகிய மூன்று வடிவங்களும் 4கே தெளிவில் தரப்பட்டன.

ஸ்டார் ட்ரெக்: தி மோசன் பிக்சர் (1979)

இயக்குநர் ராபர்ட் வைஸ் 2001 இல் இப்படத்தின் இயக்குநர் பதிப்பை டிவிடியில் வெளியிட்டார். அதற்கெனப் புதிதாகச் செய்யப்பட்ட கணினி வரைகலைக் காட்சிகள் டிவிடியின் தெளிவுக்கேற்பவே உருவாக்கப்பட்டிருந்தன. எனவே புளூ-ரே காலத்தில் 1979 ஆம் ஆண்டு வடிவத்தை மேம்படுத்த முடிந்தும், 2001 ஆம் ஆண்டுப் பதிப்பை மேம்படுத்த இயலவில்லை. வைஸ் 2005 இல் மறைந்தார். அவருடன் பணியாற்றிய குழுவினர் அக்காட்சிகளை மீண்டும் உருவாக்கிய பின்னரே, 2022 இல் இப்பதிப்பு 4கே தெளிவில் வெளிவந்தது. படச்சுருளில் இருந்த பழைய பகுதியைவிட, கணினியில் உருவான புதிய பகுதி விரைவில் காலாவதியானதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

சர்ச்சைகள்

நுண்மணி நீக்கம்

நுண்மணிகள் ஒவ்வொரு சட்டத்திலும் வேறு வேறு இடங்களில் அமைவதால், அடுத்தடுத்த சட்டங்களின் ஒற்றுமையைக் கொண்டு செயற்படும் காணொளிச் சுருக்க முறைகளுக்கு அவை பெருஞ்சுமையாகின்றன. சிலர் அவற்றைக் குறையாகவும் கருதுகின்றனர். ஆனால் படச்சுருளில் உருவத்தை ஆக்குபவை இந்நுண்மணிகளே. அவற்றை மென்பொருளால் அகற்றும்போது தோலின் துளைகளும் துணியின் இழைகளும் சேர்ந்தே மறைந்து, முகங்கள் மெழுகு பூசியவைபோல் ஆகிவிடும். ஜேம்ஸ் கேமரூனின் டெர்மினேட்டர் 2 (1991) படத்தின் 2017 ஆம் ஆண்டு 4கே பதிப்பு இக்காரணத்தால் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. அவரது ஏலியன்ஸ் (1986) படத்தின் 2024 ஆம் ஆண்டு வட்டில், இயந்திரக் கற்றல் முறைகளால் விவரங்கள் கூர்மையாக்கப்பட்டதும் விவாதிக்கப்பட்டது. எனினும் இது இயக்குநரின் ஒப்புதலுடன் வெளிவந்த பதிப்பாகும்.

நிறமாற்றம்

மேட்ரிக்ஸ் (1999) படத்தின் பிற்கால டிவிடி, புளூ-ரே பதிப்புகளில் பச்சைச் சாயல் மிகுந்திருந்தது. 2018 இல் ஒளிப்பதிவாளர் பில் போப்பின் மேற்பார்வையில் வந்த 4கே பதிப்பில் அது குறைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வட்டில் மட்டும் பார்த்தவர்கள், மிகுந்த பச்சையையே படத்தின் இயல்பான நிறமாக அறிந்திருந்தனர்.

ஸ்டார் வார்ஸ்

1977 இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்தை அதன் இயக்குநர் ஜார்ஜ் லூக்காஸ் 1997 இல் புதிய வரைகலைக் காட்சிகளுடன் திருத்தி வெளியிட்டார். 2004, 2011 பதிப்புகளில் மேலும் மாற்றங்கள் செய்யப்பட்டன. 2006 டிவிடியில் பழைய வடிவம் இணைப்பாகத் தரப்பட்டபோதும், அது லேசர் வட்டுக்காக 1993 இல் உருவாக்கிய காணொளியிலிருந்தே எடுக்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டின் அதியுயர் தெளிவு வட்டுத் தொகுப்பிலும் திருத்திய வடிவமே இடம்பெற்றது. இதனால் இரசிகர்கள் சிலர் திரையரங்குகளில் ஓடிய 35 மிமீ படிகளைத் தேடி வருடி, அதிகாரபூர்வமற்ற 4கே பதிப்பை உருவாக்கினர். 2025 சூன் மாதம் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் இலண்டனில் 1977 ஆம் ஆண்டுப் படி ஒன்றைத் திரையிட்டது.

தன் படைப்பைத் திருத்தும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்பது ஒரு தரப்பின் வாதம். பொதுமக்கள் பார்த்து, வரலாற்றில் இடம்பெற்ற வடிவமும் கிடைக்க வேண்டும் என்பது மறுதரப்பின் வாதம். கறுப்பு-வெள்ளைப் படங்களுக்குப் பிறர் நிறமேற்றுவதை எதிர்த்து, 1988 இல் அமெரிக்கக் காங்கிரசில் சாட்சியம் அளித்தவர்களுள் லூக்காசும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. இரு வடிவங்களையும் ஒருங்கே வெளியிடுவது இச்சிக்கலுக்குத் தீர்வாக முன்வைக்கப்படுகிறது. க்ளோஸ் என்கவுன்டர்ஸ் வட்டு இதற்கு முன்மாதிரியாக உள்ளது.

வட்டும் இணையவழிச் சேவையும்

அதியுயர் தெளிவு புளூ-ரே வட்டுகள் 50, 66, 100 கிகாபைட்டு கொள்ளளவுகளில் வருகின்றன. இவற்றின் தரவு வேகம் வினாடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டக்கூடியது. இணையவழிச் சேவைகள் பொதுவாக இதில் சிறு பங்கையே பயன்படுத்துகின்றன. நுண்மணி மிகுந்த பழைய படங்களில் இவ்வேறுபாடு நன்கு தெரியும். இவ்வட்டுகளுக்கு மண்டலக் குறியீடு இல்லாததால், எந்நாட்டில் வாங்கிய வட்டையும் எந்நாட்டு இயக்கியிலும் பார்க்கலாம்.

மறுபுறம், சாம்சங் நிறுவனம் 2019 இல் புதிய வட்டு இயக்கிகளை உருவாக்குவதைக் கைவிட்டது. இணையவழிப் படத்தின் கோப்பை உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 2019 இல் டிசுனி பிளசு சேவையில் ஸ்டார் வார்ஸ் வெளியானபோது, அதன் ஒரு காட்சி மீண்டும் மாற்றப்பட்டிருந்தது. வட்டில் ஒருமுறை பதிந்த வடிவம் மாறுவதில்லை. பழைய வடிவங்களைப் பேண விரும்புவோர் வட்டுகளைத் தொடர்ந்து சேகரிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- அறிபுனை
- புளூ-ரே வட்டு
- திரைப்படப் பாதுகாப்பு
- ஆர்தர் சி. கிளார்க்